கேள்விக்கு வசனம் காட்டும் முன்: வேதபாட ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதாகமத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லப் புதிதாக முன்வருபவர்களின் அருகே உட்கார்ந்து கேட்கும்போதெல்லாம், இருபது ஆண்டுகளுக்கு முன்பு நானே சொன்ன பதில்கள் அதே பிழைகளோடும் அதே உறுதியான குரலோடும் திரும்பி வருகின்றன. சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு எழுதவில்லை, ஏதேனின் கனி ஆப்பிள் என்று ஆதியாகமம் சொல்லவில்லை என்பன போன்றவற்றை எவரும் விரைவிலேயே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

1 யோவான் 5:7-ஐ முதல் ஆதாரமாக நீட்டுதல்

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவம் வேதாகமத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டவுடன் புதியவரின் விரல் இந்த வசனத்துக்கே போகும். பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவர் என்றும், இம்மூவரும் ஒன்றென்றும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அச்சாகியிருப்பதால், இதைவிட நேரான விடை இல்லை என்று தோன்றுவது இயல்பே. நானும் ஒரு வகுப்பில் அதைத்தான் காட்டினேன். கேள்வி கேட்ட இளைஞர் தம்மிடமிருந்த வேறொரு மொழிபெயர்ப்பைப் புரட்டிவிட்டு, "ஐயா, இதில் ஆவி, தண்ணீர், இரத்தம் என்று மட்டுந்தானே இருக்கிறது?" என்றார். எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனாலும், "வசனத்தை எடுத்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் தாமாகவே தேடிப் படித்து உண்மையை அறிந்துகொண்டார். அதன் பிறகு நான் சரியாகச் சொன்னவற்றையும் அவர் நம்பவில்லை. சில வாரங்களில் வகுப்புக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

யாரும் எதையும் எடுக்கவில்லை, சேர்த்திருக்கிறார்கள். லத்தீன் மரபில் வேரூன்றிய அந்த வாக்கியம் பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் கிடையாது. 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸ் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பி, அந்த வாக்கியம் அடங்கிய கிரேக்கக் கைப்பிரதி ஒன்று காட்டப்பட்ட பிறகே 1522-இல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அந்தக் கைப்பிரதியும் அதே நூற்றாண்டில் எழுதப்பட்டதுதான். அவ்வழி வந்த அச்சுப்பாடத்தைப் பழைய மொழிபெயர்ப்புகள் பல பின்பற்றின.

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது, இந்த வசனம் நமக்குத் தேவையே இல்லை என்பதுதான். நான்காம் நூற்றாண்டில், குமாரன் படைக்கப்பட்டவரே என்ற ஆரியஸின் போதனையை எதிர்த்து வாதாடிய கிரேக்கத் திருச்சபைப் பிதாக்கள் இதை ஒருமுறைகூட எடுத்துக்காட்டவில்லை. 325-இல் கூடிய நிசேயா சங்கமும் 381-இல் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கமும் இது இல்லாமலேயே முடிவுக்கு வந்தன. மத்தேயு 28:19, யோவான் முதல் அதிகாரம், 2 கொரிந்தியர் 13:14 ஆகியவற்றைச் சேர்த்து வாசித்துக் காட்டுவதற்குக் கால் மணி நேரம் கூடுதலாகும். அந்தக் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்தத்தான் நான் ஒரு மாணவரை இழந்தேன்.

தண்ணீர், பனிக்கட்டி, நீராவி

திரித்துவத்தை விளக்க, ஒரே நீரின் இந்த மூன்று நிலைகளைச் சிலர் உவமையாகக் காட்டுவார்கள். ஆனால் ஒருவரே மூன்று நிலைகளில் தோன்றுகிறார் என்பது சபெல்லியஸின் பெயரால் அறியப்பட்டுத் திருச்சபையால் தள்ளப்பட்ட போதனை. இந்த உவமை வேண்டாம்.

எரேமியா 29:11-ஐத் தனியாகப் பிரித்தெடுத்தல்

தேர்வு, திருமணம், வேலை என்று எதற்கும், தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் இந்த வசனத்தைப் பதிலாகக் கொடுப்பவர்கள், இது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் என்பதையும், முந்தைய வசனமே எழுபது ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது என்பதையும் சொல்வதில்லை. மக்கள் எதிர்பார்த்ததோ, அனனியா வாக்களித்த இரண்டே ஆண்டுகள். அவனைப் பொய்த் தீர்க்கதரிசி என்று முந்தைய அதிகாரம் காட்டுகிறது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்னும் பழைய மொழிபெயர்ப்பின் தொடர் நாம் விரும்பியது கிடைக்கும் என்ற எண்ணத்தைத் தருகிறது. எபிரெயத்தில் உள்ளதோ எதிர்காலமும் நம்பிக்கையும் என்ற பொருளே.

தெரியாத கேள்வி

"படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள்.

துக்கத்தில் இருப்பவரின் "ஏன்?"

இது பெரும்பாலும் விளக்கம் கேட்கும் கேள்வி அல்ல. துன்பப்பட்ட யோபின் சிநேகிதர்கள் ஏழு நாட்கள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்ததற்காகக் கண்டிக்கப்படவில்லை. பின்னர் அவர்கள் பேசிய பேச்சுக்காகவே 42-ஆம் அதிகாரத்தில் தேவன் கோபங்கொள்கிறார். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்னும் ரோமர் 8:28-ஐ நானும் நம்புகிறேன். ஆனால் ஓர் அடக்க ஆராதனையில், பிள்ளையை இழந்த தாயிடம் அதை வாசித்துக் காட்ட எழுந்த மாணவர் ஒருவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.