கம்பி போட்ட பல்லில் முரசைக் காப்பது எப்படி

பல்லுக்குக் கம்பி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் பலருக்கு முரசு (ஈறு) வீங்கி, பல் துலக்கும்போது இரத்தம் கசியும். பழி கம்பிமேல் விழும். உண்மையில் வீங்க வைப்பது பிரக்கட்டுக்கும் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) முரசுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய கீற்றில் படியும் அழுக்குப் படலம். பிரஸ் பிரக்கட்டில் முட்டி வழுக்குவதால் அந்தக் கீற்று துலக்கப்படாமலே கிடக்கும். இரத்தத்துக்குப் பயந்து தொடாமல் விட்டால் முரசு பிரக்கட்டின்மேல் ஏறி வளரும். பிறகு துலக்க இடமே இராது. ஆகவே இரத்தம் வருகிற இடத்தைத்தான் கவனமாகத் துலக்க வேண்டும்.

முதலில் கொப்பளித்துச் சோற்றுப் பருக்கையை வெளியேற்றுங்கள். மென்மையான பிரஸ்ஸை 45 பாகை சாய்த்து, நார்களில் பாதி முரசிலும் பாதி பல்லிலும் படும்படி வைத்து, இரண்டிரண்டு பல்லாக மெல்ல அசையுங்கள். அடுத்து பிரக்கட்டின் மேல்பக்கம், பின் கீழ்ப்பக்கம். சிறிய இடைப்பல் பிரஸ்ஸைக் கம்பிக்கு அடியால் நுழைத்து, ஒவ்வொரு பிரக்கட்டின் இரு பக்கமும் தேயுங்கள். கடைவாய்ப் பல் வளையத்தின் பின்புறம்தான் அதிகம் தவறும் இடம். இரவில் இதற்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். பற்பசையில் 1000 முதல் 1500 பிபிஎம் ஃபுளோரைட் இருக்கட்டும்.

நம்மில் பலருக்கு முரசு இயல்பிலேயே கறுப்பு. சிவந்திருக்கிறதா என்று பார்த்தால் ஏமாந்துவிடுவோம், வடிவத்தைப் பாருங்கள். இரு பல்லுக்கு நடுவே கூராக நிற்க வேண்டிய முரசு உருண்டு பளபளத்தால் அது வீக்கம்.

வைத்தியர் 0.2% குளோர்ஹெக்சிடின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்தைத் தந்தால் 10 மில்லிலீட்டர், ஒரு நிமிடம், பற்பசைக்கு அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீங்களாக நீட்ட வேண்டாம். இந்த மருந்தோடு தேத்தண்ணியும் குடிக்கிறவர்களுக்குப் பல்லில் கறை சீக்கிரம் படியும். கச்சானும் முறுக்கும் பிரக்கட்டைப் பெயர்க்கும், தொதல் கம்பியில் அப்பிக்கொள்ளும்.

வயது வந்தவர்கள், குறிப்பாக வெற்றிலை, புகையிலை, நீரிழிவு உள்ளவர்கள், கம்பிக்கு முன்பே முரசுக் குழி (பல்லுக்கும் முரசுக்கும் நடுவிலுள்ள இடைவெளி) ஆழத்தை வைத்தியரிடம் அளந்து, எக்ஸ்றேயில் எலும்பைப் பார்த்துவிட வேண்டும். அழற்சி இருக்கும்போது பல்லை நகர்த்தினால் எலும்பு வேகமாகக் கரையும். வீங்கிய முரசு கம்பி கழன்றபின் பெரும்பாலும் வற்றும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது.

திருக்கோவில், பொத்துவில் பக்கமிருந்து கம்பி வைத்தியத்துக்கு மட்டக்களப்புக்கு பஸ் ஏறுகிறவர்கள் தூரத்தைப் பார்த்து ஒரு மாதத் தவணையைத் தவறவிடுவதுண்டு. சீழ் வந்தாலோ, ஒரு பல் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக ஆடினாலோ தவணைவரை காத்திராமல் பக்கத்து அரச வைத்தியசாலைப் பல் கிளினிக்கில் அன்றே காட்டுங்கள்.