நெல்லு மில் டேட்டாபேஸ் எவ்வளவு தாங்கும்? பிஜிபென்ச்ல அளந்து பாக்கிற முறை

சம்மாந்துறைப் பக்கம் நெல்லு மில்லுகளுக்கு சொப்ட்வெயர் எழுதத் தொடங்கிற தம்பி தங்கச்சிமார் முதல்ல கேக்கிறது எந்த டேட்டாபேஸ் ஃபாஸ்ட் எண்டுதான். நெட்டுல கிடக்கிற பெஞ்ச்மார்க் நம்பர் அதுக்குப் பதில் சொல்லாது, மில்லுட வேலைய வச்சு நீங்களே அளக்கணும். போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) எண்ட டேட்டாபேஸ் போட்டா, வேகம் அளக்கிற பிஜிபென்ச் (pgbench) எண்ட டூல் கூடவே வரும், காசில்ல.

படி 1: வெறும் டேட்டாபேஸ் ஒண்டு உண்டாக்குங்க, லைவ்ல கை வைக்காதீங்க. பிஜிபென்ச்சுக்கு மைனஸ் ஐ (-i), மைனஸ் எஸ் 100 (-s 100) குடுங்க, ஐ எண்டது சோதனை டேபிள்கள உண்டாக்கும். எஸ் எண்டது ஸ்கேல், அந்த டேபிள்கள் எவ்வளவு பெரிசெண்டது. குடுக்காட்டி 1 எண்டு எடுக்கும், அப்ப பிராஞ்ச் டேபிள்ல ஒரேயொரு வரிதான் இரிக்கும், எல்லா டிரான்சாக்‌ஷனும் அந்த வரியத்தான் அப்டேட் பண்ணும், 20 கிளையன்ட் விட்டா ஒண்டுக்குப் பின்னால ஒண்டு லொக்குக்கு (lock, ஒராள் மாத்தி முடியிற வரைக்கும் மத்தவங்களுக்குப் பூட்டு) காத்து நிக்கும், நீங்க டேட்டாபேஸ் ஸ்லோ எண்டு நினைப்பீங்க. 100 எண்டா அக்கவுண்ட் டேபிள்ல 1 கோடி வரி, சுமார் 1.5 ஜிபி. 8 ஜிபி மெசின்ல அது ராமுக்குள்ளயே அடங்கிடும், டிஸ்க் எப்பிடி வாசிக்கிதெண்டு தெரியாது. உங்கட டேட்டா ராமவிடப் பெரிசெண்டா 1000 போடுங்க.

படி 2: மறுகா ஓடவிடுங்க. மைனஸ் சி 20 (ஒரே நேரம் வேலை குடுக்கிற கிளையன்ட்), மைனஸ் ஜே 4 (பிஜிபென்ச் ஓடுற திரெட்), மைனஸ் பெரிய டி 600 (செக்கன்). பத்து நிமிசம் ஓடும், செக்கனுக்கு இத்தனை டிரான்சாக்‌ஷன் எண்டு சொல்லும்.

அந்த நம்பர் என்னத்த அளந்திச்சு? டிபிசி‑பி எண்ட பழைய பேங்க் கணக்கு மாதிரி ஒரு வேலைய. டேட்டாபேஸ் வேகச் சோதனைக்கு விதி போடுற டிபிசி (TPC) அமைப்பே 1995ல அத விட்டுட்டாங்க. 1992ல வந்த டிபிசி‑சி மொத்த வியாபாரம், குடோன் எண்டு கொஞ்சம் கிட்ட வரும், ஆனா அதுல ஓடுற அஞ்சு வேலையில புது ஓர்டர மட்டும்தான் நிமிசக் கணக்கில எண்ணுவாங்க.

படி 3, இதுதான் முக்கியம். பெரும்போக அறுவடை நேரம் மில்லுல என்ன நடக்கிது? லொறி லொறியா நெல்லு வரும், நிறை பதியணும், சில பெரிய போடிமாருட (வயல் சொந்தக்காரங்கட) கணக்கத்தான் திரும்பத் திரும்பத் திறப்பீங்க, அதுக்குள்ள முதலாளி ஸ்டொக் ரிப்போர்ட் கேப்பார். பிஜிபென்ச் எல்லாக் கணக்கையும் ஒரே அளவாத்தான் தொடும். அதால ஓடுற குவெரிகள எண்ணி வைக்கிற பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ (pg_stat_statements) ஓன் பண்ணி எந்தக் குவெரி கூட ஓடுதெண்டு பாத்து, அதுகள தனித்தனி ஃபைலா எழுதி மைனஸ் எஃப்ல குடுங்க. ஃபைல் பேருக்குப் பின்னால அட் குறி போட்டு 9, 1 எண்டு பங்கு பிரிக்கலாம். கணக்கு நம்பர ரேண்டம் சிப்ஃபியன்ல (random_zipfian, சில நம்பர மட்டும் கூடத் தாற ஃபங்ஷன்) எடுங்க, அப்பதான் சில கணக்கில மட்டும் நெருக்கம் வரும்.

படி 4: மைனஸ் பெரிய ஆர்ல உங்கட மில்லுக்கு வாற உண்மையான வேகத்தக் குடுங்க, மைனஸ் எல் போட்டு லொக் ஃபைல் (log, ஒவ்வொண்டுக்கும் எடுத்த நேரம் பதியிற ஃபைல்) எடுங்க. சராசரியப் பாத்துட்டு விடாதீங்க. நேரத்த வரிசைப்படுத்தி 100ல 99ஆவது எங்க நிக்கிதெண்டு பாருங்க, தராசடியில லொறி காத்து நிக்கிறது அந்தக் கடைசி ஒண்டாலதான்.