புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோந்தேன் (1533–1592) எழுதிய கட்டுரைகளை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. மூன்று தொகுதிகளில் 107 இருக்கின்றன, மலைத்துப்போவோம். அனுபவத்தைப் பற்றிய கடைசிக் கட்டுரையிலிருந்தே தொடங்கலாம். சிறுநீரகக் கல்லோடு காலம் தள்ளிய மனிதர் தூக்கம், சாப்பாடு, வலி என்று கூச்சமில்லாமல் பேசுகிறார். உபதேசம் செய்பவர்களைவிட இவர் எனக்கு நெருக்கம்.

அவரிடமிருந்து ஒரு பழக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தனக்கு ஞாபகசக்தி குறைவு என்று புலம்பிய அவர், படித்து முடித்த புத்தகத்தின் இறுதியில் தேதியையும் தன் கருத்தையும் குறித்துவைப்பார். நானும் பென்சிலால் இரண்டு வரி எழுதுகிறேன். போன வருடம் "ஒரே சலிப்பு" என்று கிறுக்கியதன் கீழே இப்போது "அவசரப்பட்டுவிட்டேன்" என்று சேர்த்திருக்கிறேன். இரவல் புத்தகம் என்றால் துண்டுச்சீட்டு போதும்.