நல்ல தண்ணீர் டிரம்மில் டெங்கு கொசு: கவனிக்க வேண்டியது உள்சுவரை

கோவை, திருப்பூர் பக்கம் நல்ல தண்ணீர் நாள்விட்டு வருவதால் டிரம், சிமெண்ட் தொட்டி, சின்டெக்ஸ் என்று சேர்த்து வைக்காத வீடில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் தேங்கி நிற்கும் அந்தத் தெளிந்த தண்ணீர்தான் வேண்டும்.

பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்தால் போதாது. கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான உள்சுவரில் முட்டையிடும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் அந்த முட்டை சாகாது; தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரிந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை, தண்ணீர் வரும் நாளுக்கு முன், டிரம்மைக் காலி செய்து தேங்காய் நார் அல்லது பிரஷ்ஷால் விளிம்பிலிருந்து அடிவரை அழுத்தித் தேய்த்து, கழுவிய தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால்தான் இந்த வாரக் கணக்கு.

பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறோம் என்று இருந்துவிட வேண்டாம். குடிநீருக்குப் போடும் அளவு கிருமியைக் கொல்லும், முட்டையிலிருந்து வரும் கொசுப்புழுவைக் கொல்லாது.

மூடி இல்லாவிட்டால் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை விறைப்பாக இழுத்து, சைக்கிள் டியூப்பால் கட்டுங்கள். துணி தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் அந்த ஈரத்திலேயே கொசு முட்டையிடும். மேல்தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் வாய்க்கும் கொசுவலை கட்டாயம். ஃப்ரிட்ஜின் பின்தட்டு, வாசலில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி இரண்டையும் அதே நாளில் துடைத்துவிடுங்கள்.