சூப்பர்விஷனுக்கு எந்த கேஸை எடுத்துப் போவது?

கவுன்சலிங் படித்து முடித்து, தனியாக ஆட்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மதுரையில் பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் இரண்டு வருடம் எனக்கு சூப்பர்வைசர் என்று யாரும் இல்லை. வேலை பார்த்த இடத்தில் மாதக் கடைசியில் எத்தனை பேரைப் பார்த்தேன் என்று கேட்பார்கள், அவ்வளவுதான். அறைக்குள் எனக்கும் கிளையன்ட்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்கும் மூத்த ஆலோசகர்தான் சூப்பர்வைசர். அவரோடு உட்கார்ந்து கேஸைப் பேசுவதுதான் சூப்பர்விஷன்.

பிரிட்டனில் பிஏசிபி என்ற ஆலோசகர் சங்கம், தன்னிடம் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கு மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேர சூப்பர்விஷன் வேண்டும் என்று வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை நானும் எடுத்துக்கொண்டேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை முக்கால் மணி நேரம். மாதம் மூன்று கிளையன்ட் பார்த்தாலும் முப்பது பேர் பார்த்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

ஆளைத் தேடும்போது உங்கள் சம்பளத்தையும் லீவையும் முடிவு செய்பவரைத் தவிர்த்துவிடுங்கள். அவரிடம் தவறைச் சொல்ல வாய் வராது. நெருங்கிய தோழியும் வேண்டாம். 'நீங்கள் யாரிடம் சூப்பர்விஷன் போகிறீர்கள்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காதவராக இருந்தால் பாதி சரி. கட்டணம், அவசரத்துக்கு போன் செய்யலாமா, எழுதும் குறிப்பு யாரிடம் இருக்கும், இதையெல்லாம் முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

கிளையன்ட்டிடமும் முதல் செஷனிலேயே சொல்லிவிட வேண்டும்: "உங்களுக்கு ஒழுங்காக உதவி செய்ய, மூத்தவர் ஒருவரிடம் பேர் சொல்லாமல் கலந்து பேசுவேன்." எங்கள் ஊரில் பேரை மட்டும் மாற்றினால் போதாது. எந்தத் தெரு, என்ன கடை, மூத்த பெண் எங்கே படிக்கிறாள் என்று மூன்று விவரம் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதையும் மாற்றுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேஸ் போடுவது வேண்டவே வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். சூப்பர்விஷனுக்கு முந்தின நாள் ராத்திரி, கிளையன்ட் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே வருவேன். எந்த வரியில் விரல் வேகமாகத் தாண்டுகிறதோ அங்கே நிறுத்துவேன். 'இன்றைக்கு வராவிட்டால் நல்லது' என்று நினைக்க வைப்பவர், இருபது நிமிடம் கூடுதலாகக் கொடுத்தும் மனசு ஆறாதவர், செஷன் முடிந்து நாலு நாள் ஆகியும் குறிப்பு எழுதாமல் விட்டவர், இவர்களில் ஒருவர்தான் அந்த வரியில் இருப்பார். அந்த கேஸைத்தான் எடுத்துப் போக வேண்டும். நன்றாகப் போகும் கேஸைச் சொல்லிப் பாராட்டு வாங்கி வந்த நாட்கள் எனக்கும் உண்டு. கிளையன்ட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அந்த கேஸைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் போதும். குடும்பக் கதைக்கு மூன்று வரி. மீதி முழுக்க, சிக்கிக்கொண்ட அந்த ஐந்து நிமிடம். அவர் சொன்னது ஒரு பத்தி, நான் சொன்னது ஒரு பத்தி, எனக்குள் ஓடியும் வாய்விட்டுச் சொல்லாதது மூன்றாவது பத்தி. அந்த மூன்றாவதை எழுதத்தான் கை தயங்கும்.

ஒன்று சொல்கிறேன், விவரங்களை மாற்றியிருக்கிறேன். தூக்கம் வரவில்லை என்று ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். நான் எதைச் சொன்னாலும் "அதெல்லாம் செஞ்சு பார்த்துட்டேம்மா" என்பார். ஐந்தாவது செஷன் முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு போனேன். சூப்பர்வைசர் ஒரு வழி சொன்னார், நான் மறுத்தேன். இன்னொன்று சொன்னார், அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "நான் நாலு சொல்லிட்டேன், நாலுக்கும் 'பார்த்தாச்சு மேடம்'னு சொல்லிட்டீங்க. அந்த அம்மாவும் உங்ககிட்ட இப்படித்தானா?"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மாவின் கையாலாகாத நிலையை நான் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மேடம் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கிளையன்ட் அறையில் நடப்பது சூப்பர்விஷன் அறையிலும் நடக்கும் என்பதை 1955லேயே ஹெரால்ட் சியர்ல்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் எழுதியிருக்கிறார். படித்தபோது அது பரீட்சைக்கு ஒரு கேள்வி. அதனால் சூப்பர்வைசரிடம் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். வழக்கத்தைவிட வேகமாகப் பேசுகிறீர்களா, அவருக்குத் தூக்கம் வருகிறதா, கெஞ்சுகிறீர்களா என்று அங்கேயே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சில விஷயங்கள் அடுத்த சூப்பர்விஷன் வரை காத்திருக்கக் கூடாது. கிளையன்ட்டுக்குத் தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தால் அன்றைக்கே சூப்பர்வைசருக்கு போன் செய்யுங்கள், மனநல மருத்துவரிடம் அனுப்பும் வேலையையும் தொடங்குங்கள். இரவில் ஆள் கிடைக்காத நேரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ கிளையன்ட்டிடம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். குழந்தைமீது பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். சூப்பர்வைசர் என்ன நினைப்பாரோ என்று அதைத் தள்ளிப்போட முடியாது. அவரிடம் பேச வேண்டியது, அந்தக் குழந்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்பதைத்தான்.

பணம் கட்டுப்படியாகாதவர்கள் மூன்று பேராகச் சேர்ந்துகொள்ளலாம். ஒருவருக்கு அரை மணி நேரம், கையில் கடிகாரம், முதல் பத்து நிமிடம் யாரும் யோசனை சொல்லக் கூடாது. இப்படிச் செய்தாலும் மாதம் ஒரு முறையாவது மூத்தவர் ஒருவரிடம் போய்விடுங்கள். மூவருக்கும் ஒரே இடத்தில் கண் மறைத்தால் சொல்ல ஆள் இருக்காது.

முடிந்து வெளியே வந்ததும், பஸ் ஏறுவதற்குள் ஒரு வரி எழுதுவேன்: அடுத்த செஷனில் நான் என்ன மாற்றிச் செய்யப் போகிறேன். அந்த அம்மா கேஸில் எழுதியது, 'யோசனை சொல்லாதே, களைப்பைப் பற்றிக் கேள்.' அடுத்த வாரம் கேட்டேன். "எத்தனை வருஷமா இப்படி எல்லாத்தையும் நீங்களே செஞ்சு பார்க்கிறீங்கம்மா?" என்றேன். முதல் முறையாக அவர் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் மெதுவாக, தன் பதினாறு வயதிலிருந்து சொல்லத் தொடங்கினார்.