‘எத்தனை நாளாக?’ என்று ஆங்கிலத்தில் கேட்பது எப்படி?

வெளியூரிலிருந்து அலுவலகத்துக்கு வந்திருந்தவரிடம் ஒருமுறை, ‘ஹவ் லாங் ஆர் யூ ஹியர்?’ என்று கேட்டேன். வந்து எத்தனை நாளாகிறது என்று விசாரித்ததாக நினைப்பு. அவரோ ‘டில் ஃபிரைடே’ என்றார். எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டதாக அவர் எடுத்துக்கொண்டார்!

தமிழில் ‘மூன்று வருடமாக இருக்கிறேன்’ என்கிறோம். ‘ஆக’ இருப்பதால் வினை நிகழ்காலத்திலேயே நிற்கலாம். ஆங்கிலத்தில் அந்த ‘ஆக’வையும் வினையே சுமக்க வேண்டும். ‘ஹேவ்’ சேர்ந்து வரும் பிரசண்ட் பர்ஃபெக்ட் என்ற வினை வடிவம் அதற்குத்தான்.

முதலில், செயல் இன்னும் தொடர்கிறதா என்று பாருங்கள். முடிந்துபோனதென்றால் ‘டிட்’ போதும். ‘ஹவ் லாங் டிட் யூ லிவ் இன் மதுரை?’ என்று கேட்டால், அவர் இப்போது மதுரையில் இல்லை என்று பொருள்.

தொடர்கிறதென்றால், ‘ஹவ் லாங்’, பிறகு ‘ஹேவ்’, பிறகு ஆள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம்: ‘ஹவ் லாங் ஹேவ் யூ லிவ்ட் ஹியர்?’ ஹீ, ஷீ, இட் வந்தால் ‘ஹேஸ்’. ‘ஹவ் லாங் யூ ஹேவ்’ என்று ஆளை முன்னால் தள்ளிவிடாதீர்கள். நான் கேட்டிருக்க வேண்டியது, ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?’

அடுத்து, வினையின் கடைசியில் ஒட்டும் ‘இங்’. காத்திருப்பது, படிப்பது போன்ற செயல்களுக்கு அது பொருந்தும்: ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் வெயிட்டிங்?’ ஒருவரைத் தெரிந்திருப்பது செயலன்று, நிலை. அங்கே ‘ஹவ் லாங் ஹேவ் யூ நோன் ஹிம்?’ மட்டுமே சரி; ‘பீன் நோயிங்’ கிடையாது. திருமண விஷயத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ‘ஹவ் லாங் ஹேவ் யூ மேரீட்?’ என்பது தவறு. தாலி கட்டுவது ஒரு நொடியில் முடிந்துவிடும், நீடிப்பது மணவாழ்க்கை. எனவே ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் மேரீட்?’

பதில் சொல்லும்போது தமிழே கைகொடுக்கும். ‘மூன்று வருடமாக’ என்றால் ‘ஃபார் த்ரீ இயர்ஸ்’. ‘2019இலிருந்து’ என்றால் ‘சின்ஸ் 2019’. ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்பதை நம் ஊரில் தினமும் கேட்கலாம், அது பிழை.

இப்போது இதை மாற்றிப் பாருங்கள்: ‘உங்கள் தம்பி எத்தனை மாதமாக அங்கே வேலை செய்கிறார்?’ விடை: ‘ஹவ் மெனி மந்த்ஸ் ஹேஸ் யுவர் பிரதர் பீன் ஒர்க்கிங் தேர்?’