ஈ-சிகரெட் பற்றரி: எதைத் துடைக்கலாம், எதைத் தூக்கி வைக்க வேண்டும்

வேப், அதாவது ஈ-சிகரெட், வேலை செய்யவில்லை என்றதும் புதுப் பற்றரி வாங்கக் கொழும்புப் புறக்கோட்டைக்கு ஓடாதீர்கள். திரவம் ஊற்றுகிற டாங்கைக் கழற்றிவிட்டு, அது பற்றரியில் திருகுகிற வாயை ஒருதரம் வெளிச்சத்தில் பாருங்கள். பல சமயம் பற்றரியில் பழுதே இருக்காது. திரவம் கசிந்து, தூசும் வியர்வையும் சேர்ந்து, மின்சாரம் போகிற வழியை அடைத்திருக்கும், அவ்வளவுதான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடல் பக்கம் இருக்கிறவர்களுக்கு உப்புக்காற்று வேறு, அதனால் உலோகம் சீக்கிரம் மங்கிவிடும். ஈ-சிகரெட்டைப் பிடியுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் கையில் ஒன்று இருந்தால், அதற்குள் இருப்பது லிதியம் அயன் பற்றரி, அதைக் கவனிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கருவியை நிறுத்துங்கள். பெரும்பாலான மாடல்களில் பொத்தானை வேகமாக ஐந்து தரம் அழுத்தினால் நின்றுவிடும். தனியாகக் கழற்றக்கூடிய பற்றரி என்றால் அதையும் வெளியே எடுத்து வையுங்கள். கசிந்திருக்கும் திரவத்தில் நிகோட்டின் இருந்தால் அது தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், ஆகவே கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் வேலை முடிந்த உடனே சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் துடைத்த பஞ்சைக்கூட அவர்கள் கைக்கு எட்டாமல் போட வேண்டும்.

அப்புறம் காய்ந்த கொட்டன் பட் ஒன்றால் பிசுக்கை எடுத்துவிட்டு, இன்னொன்றின் நுனியை ஐசோபுரோப்பில் அல்கஹோலில் லேசாக நனைத்து, புரியைச் சுற்றியும் நடுவில் இருக்கிற ஊசியின் மேலும் துடையுங்கள். சொட்டச் சொட்ட நனைக்காதீர்கள், உள்ளே இறங்கினால் சர்க்கிட் கெடும். தண்ணீர், தின்னர், பெற்றோல் எதுவும் வேண்டாம். டாங்கையும் பற்றரியையும் இணைக்கிற வழக்கமான புரிக்கு 510 என்று பெயர், அதன் விட்டம் 7 மில்லிமீற்றர், ஒரு புரிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அரை மில்லிமீற்றர்தான், அதனால் கொஞ்ச அழுக்கே தொடர்பைக் கெடுக்கப் போதும். கறுப்போ பச்சையோ படிந்திருந்தால் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்க்கலாம். மண்கடதாசி போட்டால் மேல்பூச்சு போய், அடுத்த முறை இன்னும் வேகமாகக் கறுக்கும்.

டாங்கை அளவுக்கு மீறி இறுக்குகிறவர்களுக்கு நடு ஊசி உள்ளே அமுங்கிவிடும், பிறகு துடைத்தாலும் வேலை செய்யாது. மரப் பல்குத்தியால் துளி மேலே தூக்கி விடுங்கள். குண்டூசி, ஸ்குரூட்ரைவர் வேண்டவே வேண்டாம், ஊசியையும் புரியையும் உலோகம் ஒன்றாகத் தொட்டால் ஷோர்ட் ஆகிவிடும். எல்லாம் முடிந்ததும் கால் மணி நேரம் காய விடுங்கள். அல்கஹோல் தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் அடுப்போ நுளம்புத்திரியோ எரியக் கூடாது.

சரி, இனித்தான் முக்கியமான இடம். கழற்றக்கூடிய பற்றரி பெரும்பாலும் 18650 வகை, 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம். அதன் உலோக உடம்பு முழுவதும் நெகட்டிவ், மேல் விளிம்பு வரைக்கும். பொசிட்டிவ் முனையை அதிலிருந்து பிரித்து வைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு சிறு வளையமும் மட்டுமே, ஆகவே உறையில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் அதைப் பாவிக்காதீர்கள். நெளிந்தது, வீங்கியது, கசிந்தது, வித்தியாசமான மணம் வருவது எல்லாம் அப்படியே. துடைத்துச் சரிப்படுத்தலாம் என்று நினைக்கவே வேண்டாம். புதுசு வாங்கும்போது 18650 ஒன்றில் கொள்ளளவு 9900 எம்ஏஎச் (மில்லி அம்பியர் மணி) என்று அச்சடித்திருந்தால் அது பொய். இந்த அளவுப் பற்றரியில் நல்ல கம்பனிகள் தருவதே 3500 சொச்சம்தான்.

சார்ஜ் விஷயத்தில், கூட வந்த சார்ஜரையோ கையேட்டில் சொன்ன அளவையோ பாவியுங்கள். நிறைந்த பற்றரி 4.2 வோல்ட் காட்டும், அதற்கு மேல் ஏறக் கூடாது. 2.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்து கிடப்பதை உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள். மெத்தை, தலையணைப் பக்கம் வைக்காமல் வெறும் சீமெந்துத் தரையிலோ டைலிலோ வைத்து, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். காலிமுகத்திடலில் வெயிலில் நின்ற காருக்குள் கிடந்தது என்றால் நன்றாக ஆறிய பிறகுதான் சார்ஜ், 45 பாகை செல்சியஸுக்கு மேல் சூடான பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. பல வாரம் பாவிக்கப் போவதில்லையா, பாதிச் சார்ஜில், அதாவது 3.7 அல்லது 3.8 வோல்ட்டில், காய்ந்த இடத்தில் வையுங்கள்.

தனிப் பற்றரியைச் சில்லறையோடும் சாவியோடும் காற்சட்டைப் பையில் போடுகிற பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள், அதற்கென்று சின்ன பிளாஸ்டிக் பெட்டிகள் விற்கின்றன. கட்டுநாயக்கவில் விமானம் ஏறினால் கைப்பையில் மட்டும் கொண்டு போகலாம், ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. சென்னைப் பக்கம் போகிறவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், இந்தியாவில் 2019 முதல் ஈ-சிகரெட்டுக்குத் தடை.

பழுதான பற்றரியைக் குப்பைப் பையில் போட்டால் லொறியில் நசுங்கித் தீப்பிடிக்கலாம். இரண்டு முனைக்கும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, எரியக்கூடிய சாமான்களிலிருந்து தள்ளி வைத்து, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.